டைரக்டர் எடுத்த முடிவு, கம்பெனிக்கு வந்த நஷ்டம்: ஷேர் வைத்திருப்பவர் கேஸ் போடலாமா?

போன எபிசோடில் டீமேட் கணக்கு எப்படி வேலை செய்யுதுன்னு பேசினோம். அதுக்கப்புறம் வந்த வாய்ஸ் நோட்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆளாளுக்கு வேற வேற வார்த்தையில். சின்னமனூரிலிருந்து ஒரு அண்ணன் கேட்டது நேராக இருந்தது: "முடிவு எடுக்கிறது அவங்க. நஷ்டம் எனக்கு. அந்த டைரக்டருங்க மேல நான் கேஸ் போட முடியுமா, முடியாதா?"

நம்ம தேனிப் பக்கம் டைரக்டர்னு சொன்னாலே அல்லிநகரத்து பாரதிராஜாதான் ஞாபகத்துக்கு வருவார். இன்னைக்குப் பேசப்போறது கம்பெனி டைரக்டர்களைப் பற்றி. போர்டு என்று சொல்றோமே, அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள். இன்னொன்று, நான் வக்கீல் இல்லை. இன்ஜினியரிங் படித்துவிட்டு கோட் எழுதிப் பிழைப்பவன். வேறு யாரோ எழுதி வைத்த ஒரு பெரிய கோட்பேஸைப் படிக்கிற மாதிரி சட்டத்தையும் தீர்ப்புகளையும் படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்றேன். உங்க சொந்த வழக்குக்கு ஒரு வக்கீலைப் பாருங்க.

அண்ணனுக்குச் சுருக்கமான பதில்: போடலாம். ஆனால் அந்தக் கேஸ் கம்பெனிக்காக நடக்கும், ஜெயித்தால் பணமும் கம்பெனிக்குத்தான் போகும். அதோடு, முடிவு தப்பாகப் போய்விட்டது என்று மட்டும் காட்டி ஜெயிக்க முடியாது. இது இரண்டும் ஏன் இப்படி என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கிடும்.

நஷ்டம் யாருடையது?

சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு தனி ஆள். அதுக்குன்னு சொத்து, அதுக்குன்னு கடன், அதுக்குன்னு கோபதாபம்னு கூடச் சொல்லலாம். உங்களுக்குப் பணம் தரவேண்டிய ஒருத்தரோட லாரியை இன்னொருத்தன் இடிச்சுட்டான்னு வைங்க. உங்க பணம் வருவது தள்ளிப்போகும். அதுக்காக இடிச்சவன் மேல நீங்க கேஸ் போட முடியாது, லாரிக்காரர்தான் போடணும். ஷேரும் கிட்டத்தட்ட அப்படித்தான். அடி விழுந்தது கம்பெனிக்கு. உங்க ஷேர் விலை குறைந்தது அந்த அடியோட எதிரொலி.

இந்த விதி 1843-இல் இங்கிலாந்தில் வந்த ஃபாஸ் எதிர் ஹார்பாட்டில் என்ற வழக்கிலிருந்து வருது. மான்செஸ்டரில் விக்டோரியா பார்க் என்று ஒரு பூங்காவும் வீடுகளும் கட்ட ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. டைரக்டர்கள் தங்களோட சொந்த நிலத்தையே கம்பெனிக்கு அதிக விலைக்கு வித்துட்டாங்கன்னு ஃபாஸ், டர்டன் என்ற இரண்டு பங்குதாரர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. கோர்ட் சொன்னது: ஏமாந்தது கம்பெனின்னா கம்பெனி வரட்டும், நீங்க யார்?

தர்க்கம் சரிதான். ஆனா இதில் ஒரு முடிச்சு இருக்கு. அதைக் காட்ட நம்ம ஊர்ப் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கு.

வைகை அணைக்குப் போற வழியில் வரதராஜ் நகரில் இருக்கும் சர்க்கரை ஆலை உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ். அந்தக் கம்பெனி ஆக்ஸிஸ் வங்கியோடு 2007-இல் ஒரு ஒப்பந்தம் போட்டது. டாலருக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும் உள்ள விலை எந்தப் பக்கம் போகுது என்பதைப் பொறுத்து லாபமோ நஷ்டமோ வரும். 2008 மார்ச்சில் ஒரு டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே இறங்கியது. கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், இது சூதாட்டம், சட்டப்படி செல்லாது என்று வாதாடியது. 2008 அக்டோபரில் நீதிபதி ராமசுப்பிரமணியன் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இந்தியாவில் இந்த மாதிரி ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுறவங்க இன்னைக்கும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

இதுக்குப் பேரும் டெரிவேட்டிவ், நம்ம தலைப்பில் இருக்கும் வழக்குக்கும் ஆங்கிலத்தில் டெரிவேட்டிவ் சூட். குழம்பாதீங்க, இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. நான் இதைச் சொன்னது ஒரே காரணத்துக்கு. இங்கே கேஸ் போட்டது யார்? கம்பெனி. யார் மேல? வெளியாள் மேல. போர்டு கூடி, கேஸ் போடலாம்னு முடிவு பண்ணி, வக்கீல் வைத்தது. சிக்கலே இல்லை.

இப்போ வேறு ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கங்க. ராஜ்ஸ்ரீயில் இப்படி நடந்ததுன்னு நான் சொல்லலை. அந்தக் கற்பனைக் கம்பெனிக்குக் கெடுதல் செய்தது வெளியாள் கிடையாது, போர்டில் உட்கார்ந்திருக்கும் டைரக்டரே. கேஸ் போடணும்னு முடிவு செய்ய வேண்டியது யார்? அதே போர்டு. திருடுபோன வீட்டில் புகார் எழுதிக்கொடுக்கிற உரிமை திருடன் கையிலேயே இருக்குன்னா எப்படி? இதுதான் அந்த முடிச்சு.

அதை அவிழ்க்கத்தான் கோர்ட்டுகள் ஒரு கதவு திறந்து வெச்சாங்க. கம்பெனியைத் தங்கள் பிடியில் வைத்திருப்பவர்களே கம்பெனியை ஏமாத்தினா, ஒரு சாதாரணப் பங்குதாரர் கம்பெனியின் சார்பாக வந்து கேஸ் நடத்தலாம். அவருக்குன்னு தனியாக உரிமை கிடையாது. கம்பெனியோட உரிமையிலிருந்து வழிவந்த உரிமை. டெரிவேட்டிவ் என்ற சொல்லுக்கு இங்கே அதுதான் பொருள்.

ராத்திரி மேட்ச் வேண்டாம் என்ற முதலாளி

சரி, கதவைத் தாண்டி உள்ளே வந்தாச்சு. அடுத்து டைரக்டர் ஒரு கேடயம் வெச்சிருப்பார். அமெரிக்காவில் இதை பிசினஸ் ஜட்ஜ்மென்ட் விதி என்பார்கள். வியாபார முடிவின் நல்லது கெட்டதை நீதிபதி எடைபோட மாட்டார் என்பது அதோட சாரம்.

இதுக்கு எனக்குப் பிடிச்ச வழக்கு சிகாகோவில் நடந்தது. சிகாகோ கப்ஸ் என்ற பேஸ்பால் அணி. 1960-களில் பெரிய லீக்கில் இருந்த 20 அணிகளில் 19 அணிகள் மைதானத்தில் விளக்குப் போட்டு ராத்திரி ஆட்டம் நடத்தின. கப்ஸ் மட்டும் போடவில்லை. அதன் தலைவர் ஃபிலிப் ரிக்லி, சுமார் 80 சதவீதப் பங்கு அவர் கையில். பேஸ்பால் பகலில் ஆடுற ஆட்டம், ராத்திரி ஆட்டம் வந்தா மைதானத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குத் தொந்தரவு என்பது அவர் எண்ணம். அணி வருஷா வருஷம் நஷ்டத்தில் ஓடியது. நம்ம ஐபிஎல் அணி ஒன்று மத்தியானம் மட்டும்தான் ஆடுவோம்னு பிடிவாதம் பிடிச்சா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

ஷ்லென்ஸ்கி என்ற சின்னப் பங்குதாரர் கம்பெனி சார்பாகக் கேஸ் போட்டார். 1968-இல் இல்லினாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ரிக்லி சரியாத்தான் செஞ்சார்னு கோர்ட் சொல்லலை. மோசடி இல்லை, சட்டவிரோதம் இல்லை, சொந்த லாபம் இல்லை, அப்படியிருக்க வியாபாரத்தை எப்படி நடத்தணும்னு நாங்க சொல்ல முடியாதுன்னு சொன்னாங்க. கடைசியில் அந்த மைதானத்தில் விளக்கு எரிந்தது 1988 ஆகஸ்டில். தீர்ப்பு வந்து 20 வருஷம் கழித்து.

கேட்கக் கோபம் வரும். எனக்கும் முதலில் வந்தது. ஆனா கோர்ட்டுக்கு வேற வழி இருக்கான்னு யோசிச்சுப் பார்த்தால் கஷ்டம்தான். நம்ம ஊர் உதாரணத்துக்கு வரலாம். 2019 ஆகஸ்டில் இடுக்கி புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த வாரம் போடியிலும் கம்பத்திலும் டீக்கடைப் பேச்சு வேற எதுவுமே கிடையாது. ஒரு ஏலக்காய்க் கம்பெனி போர்டு கூடி, இன்னும் ஏறும், சரக்கை நிறுத்தி வைப்போம்னு முடிவு பண்ணியிருந்தால்? 2022 வாக்கில் விலை ஆயிரத்துக்கும் கீழே. திரும்பிப் பார்த்தா முட்டாள்தனம். ஆனா அன்னைக்கு அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தா நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்? விலை இறங்கின ஒவ்வொரு தடவையும் டைரக்டர் தன் வீட்டை விற்றுக் கட்டணும்னா, அந்த நாற்காலியில் உட்கார யாரும் வர மாட்டாங்க. வந்தாலும் எந்த ரிஸ்க்கும் எடுக்க மாட்டாங்க.

சாஃப்ட்வேர் வேலையில் எங்களுக்கு இது பழக்கமான விஷயம். ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழுந்தா மறுநாள் ஒரு மீட்டிங் நடக்கும். ஒழுங்கான டீமில், யார் டிப்ளாய் பண்ணினதுன்னு கேட்டுக் கத்த மாட்டாங்க. ரிவ்யூ நடந்ததா, டெஸ்ட் ஓடியதா, எச்சரிக்கை வந்தும் யாராவது கண்டுக்காம விட்டாங்களான்னு பார்ப்பாங்க. அதாவது முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதுதான் விசாரணை. கோர்ட் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

அந்தக் கேடயம் எப்போ உடையும்? டைரக்டருக்கு அந்த முடிவில் சொந்த ஆதாயம் இருந்தால் உடையும். அதே ஏலக்காய்க் கம்பெனி, சரக்கை வைக்க டைரக்டரோட மச்சான் குடோனை இரண்டு மடங்கு வாடகைக்கு எடுத்து, அந்த உறவை போர்டில் சொல்லாமல் மறைத்தால், விலை ஏறினாலும் இறங்கினாலும் அது வேற கதை. இன்னொன்று, எதையும் படிக்காமல் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது. இதுக்கு 1985-இல் டெலவேர் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. டிரான்ஸ் யூனியன் என்ற கம்பெனியை ஒரு ஷேர் 55 டாலருக்கு விற்க போர்டு சம்மதித்தது. சந்தை விலையைவிட அது நல்ல அதிகம். ஆனாலும் டைரக்டர்கள் மாட்டினார்கள். ஏன்னா தலைவர் வாய்வார்த்தையாக 20 நிமிஷம் பேசினார், கையில் எந்த மதிப்பீட்டு அறிக்கையும் இல்லை, சுமார் இரண்டு மணி நேரத்தில் மொத்தக் கம்பெனியையும் விற்க ஒத்துக்கிட்டாங்க. ரிக்லியோட முடிவு மோசமாக இருந்தும் தப்பித்தார், இவங்களுக்கு விலை நல்லா இருந்தும் தப்பிக்க முடியலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோர்ட் எதை அளக்குது என்பது தெரிஞ்சிடும்.

கேத்தியில் ஒரு ஊசிக் கம்பெனி

அமெரிக்கா போதும். தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இருக்கு, சட்டக் கல்லூரியில் இன்னைக்கும் படிக்கிறாங்க. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனா நடுவில் கேத்தி வரும். அங்கே இருக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ். போனி ஊசி, உங்க அம்மாவோட தையல் டப்பாவில் இருக்கும் பாருங்க, அவங்க தயாரிப்புதான்.

1970-களில் அந்தக் கம்பெனியில் சுமார் 60 சதவீதம் பங்கு இங்கிலாந்துக்காரர்களின் ஹோல்டிங் கம்பெனியிடம். மீதி 40 இந்தியத் தரப்பிடம், அதாவது மேனேஜிங் டைரக்டர் தேவஞானம் குடும்பமும் கூட வேலை பார்த்தவர்களும். 1973-இல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், ஃபெரா என்பார்களே அது, வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் கொண்டுவரணும் என்றது. 1977 ஏப்ரலில் போர்டு கூடி, 16,000 புதுப் பங்குகளை இருக்கிற பங்குதாரர்களுக்கே விகிதப்படி கொடுப்பதாக முடிவு செய்தது. ஒரு பங்கு 100 ரூபாய். ஏப்ரல் மாசக் கடைசிக்குள் எடுத்துக்காதவங்க பங்கு மத்தவங்களுக்குப் போகும்.

இங்கிலாந்துக்குப் போன கடிதத்தில் தேதி ஏப்ரல் 14. தபாலில் போட்டது ஏப்ரல் 27. போய்ச் சேர்ந்தது மே 2. அதே மே 2-ஆம் தேதி இங்கே போர்டு கூடி, இங்கிலாந்துக்காரர்கள் பங்கையும் சேர்த்து இந்தியத் தரப்புக்கே ஒதுக்கிடுச்சு. 60 - 40 தலைகீழாகத் திரும்பிவிட்டது.

இது பங்குதாரரை நசுக்குவது, அதாவது ஒடுக்குமுறை, என்று ஹோல்டிங் கம்பெனி கேஸ் போட்டது. கம்பெனிக்காகப் போட்ட டெரிவேட்டிவ் வழக்கு இல்லை இது, தனக்கு நேர்ந்த அநியாயத்துக்காகப் போட்டது. ஆனா மையக் கேள்வி ஒன்றுதான்: டைரக்டர் எடுத்த முடிவில் கோர்ட் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம்?

1981 மே மாதம் தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு வந்தது. அந்தக் கடித விவகாரத்தை அவர் மன்னிக்கலை, நேர்மைக் குறைவு என்றே சொன்னார். ஆனா வெளிநாட்டுப் பங்கைக் குறைத்தே ஆகணும் என்பது சட்டத்தோட கட்டாயம், ஹோல்டிங் கம்பெனி அந்தப் பங்கை எடுத்துத் தன் பழைய 60-ஐக் காப்பாற்றியிருக்கவும் முடியாது. கம்பெனியோட நன்மைக்காக எடுத்த முடிவில் டைரக்டருக்கும் ஒரு பக்க லாபம் வந்தது என்பதால் மட்டும் முடிவு கெட்டுப்போகாது. அதனால் ஒடுக்குமுறை இல்லை, ஒதுக்கீடு செல்லும்.

அத்தோடு விடவில்லை. அன்னைக்கு ஒரு பங்கோட சந்தை விலை சுமார் 190, இவங்க எடுத்தது 100-க்கு. வித்தியாசம் 90 ரூபாய், இங்கிலாந்துக்காரர்களுக்கு வந்திருக்க வேண்டிய பங்கு 9,495. பெருக்கினா 8,54,550 ரூபாய். அதை ஹோல்டிங் கம்பெனிக்குக் கொடுங்கன்னு உத்தரவு. முடிவை விட்டுவைத்து, அதில் ஒட்டியிருந்த ஆதாயத்தை மட்டும் வழித்து எடுத்திருக்காங்க. எனக்கு இந்தத் தீர்ப்பில் பிடிச்ச இடம் அதுதான். சரி - தப்பு என்று இரண்டே பெட்டியில் போடாம, பில்லைப் பிரித்துப் போட்டிருக்காங்க.

40 வருஷம் கழித்து டாட்டா - மிஸ்திரி வழக்கில், 2021 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதே திசையில்தான் போனது. வியாபாரம் சரியா வராமப் போனதையோ, ஒருத்தரைப் பதவியிலிருந்து எடுத்ததையோ வைத்து மட்டும் ஒடுக்குமுறைன்னு சொல்ல முடியாது என்றது. அந்த மூன்று நீதிபதிகள் அமர்வில் ஒருவர், நம்ம வைகை அணை சர்க்கரை ஆலை வழக்கில் தீர்ப்புச் சொன்ன அதே ராமசுப்பிரமணியன்.

நூறு பேர் கிடைத்தால்

இப்போ இருக்கும் சட்டத்துக்கு வருவோம். 2013 கம்பெனிகள் சட்டத்தில் 166-ஆவது பிரிவு டைரக்டரோட கடமையைச் சொல்லுது: நல்லெண்ணம், தகுந்த கவனம், சொந்த நலன் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வது. தகாத ஆதாயம் எடுத்தால் அதுக்குச் சமமான தொகையைக் கம்பெனிக்குத் திருப்பிக் கட்டணும்.

245-ஆவது பிரிவு கிளாஸ் ஆக்‌ஷன் என்ற கூட்டு வழக்கு. சத்யம் மோசடி வெளிவந்த 2009-இல் அமெரிக்க முதலீட்டாளர்கள் அங்கே கூட்டு வழக்குப் போட்டு 12.5 கோடி டாலர் சமரசத் தொகை வாங்கினாங்க, இங்கே அதே ஷேர் வைத்திருந்தவங்களுக்கு அப்படி ஒரு வழியே இல்லை. அந்த வெட்கத்தில் பிறந்த பிரிவுன்னு சொல்லலாம். 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது, எத்தனை பேர் வேணும் என்ற கணக்கை 2019-இல் விதியாக்கினாங்க. மொத்தப் பங்குதாரர்களில் 5 சதவீதம் பேர் அல்லது 100 பேர், எது குறைவோ அது. இல்லைன்னா பங்கு அளவில் 5 சதவீதம், பட்டியலிட்ட கம்பெனின்னா 2 சதவீதம். போக வேண்டிய இடம் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்.

நூறு பேர்தானே, ஒரு வாட்ஸப் குரூப்பில் தேறிடுமேன்னு தோணும். தேறும். ஆனா அதுக்கப்புறம்தான் கஷ்டம். முதல் கஷ்டம் ஆதாரம். முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதுதான் கேள்வின்னு சொன்னேன் இல்லையா, அது எழுதியிருக்கும் இடம் போர்டு மினிட்ஸ். எங்க பாஷையில் சொன்னா கமிட் லாக். பொதுக்குழு மினிட்ஸைப் பங்குதாரர் கேட்டுப் பார்க்கலாம், போர்டு மினிட்ஸைப் பார்க்க உரிமை கிடையாது. டெலவேரில் தகுந்த காரணம் சொன்னா கம்பெனியின் ஆவணங்களைப் பார்க்கக் கேட்கலாம், கேஸ் போடும் முன்னாடியே. இங்கே கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் முதல் அடி வைக்கணும்.

இரண்டாவது காசு. அமெரிக்காவில் வக்கீல் தன் கைக்காசில் நடத்திட்டு, ஜெயித்தால் வரும் தொகையில் பங்கு எடுத்துக்கிறார். இந்தியாவில் அப்படிப் பங்கு பேசுவது வக்கீல்களுக்குத் தடை. வரும் பணமோ கம்பெனிக்கு. உங்ககிட்ட 200 ஷேர் இருந்தா, அந்த வெற்றியில் உங்க பங்கு ஒரு டீ, வடை அளவு. முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியிலிருந்து செலவைத் திரும்பத் தரலாம்னு சட்டத்தில் ஒரு வரி இருக்கு, ஆனா முன்பணம் உங்க பையிலிருந்துதான். அதனால்தான் இந்தப் பிரிவில் பேசும்படியான வழக்கு வரவே 2024 ஆச்சு. ஜிண்டால் பாலி ஃபிலிம்ஸ் கம்பெனியின் முதலீடுகளைக் குறைந்த விலைக்குக் கைமாற்றினாங்க என்ற குற்றச்சாட்டு. போட்டவங்க கையில் சுமார் 5 சதவீதப் பங்கு இருந்தது. அவ்வளவு பங்கு வைத்திருப்பவருக்குத்தான் கணக்கு கட்டுபடியாகுது.

பேங்க் ஷேர் வைத்திருந்தவங்க

வாய்ஸ் நோட்களில் லட்சுமி விலாஸ் வங்கி பெயர் திரும்பத் திரும்ப வந்தது. 1926-இல் கரூரில் ஆரம்பித்தது. டெபாசிட்டும் அங்கேயே, ஷேரும் அங்கேயே என்று இருந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைச் சீர்திருத்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2020 செப்டம்பர் 25, ஆண்டுப் பொதுக்கூட்டம். இடைக்கால நிர்வாக இயக்குநர் உட்பட 7 டைரக்டர்களோட நியமனத்தைப் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டுத் தோற்கடிச்சாங்க. இந்திய வங்கி வரலாற்றில் அபூர்வமான நாள் அது. நவம்பர் 17-இல் பணம் எடுக்க 25,000 ரூபாய் வரம்பு. நவம்பர் 27-இல் டிபிஎஸ் வங்கியோடு இணைப்பு. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. ஷேர் வைத்திருந்தவர்களுக்குப் பூஜ்யம், மொத்தப் பங்கு மூலதனமும் அழிக்கப்பட்டது.

பழைய நிர்வாகத்தின் மேல் கேஸ் போட முடியுமான்னு கேட்டிருந்தீங்க. 245-ஆவது பிரிவின் கடைசியில் ஒரு வரி இருக்கு: இந்தப் பிரிவு வங்கிக் கம்பெனிகளுக்குப் பொருந்தாது. ஒரே வரி. ரிசர்வ் வங்கி பார்த்துக்கும் என்ற எண்ணத்தில் வைத்திருப்பாங்க போல. ஆனா ரிசர்வ் வங்கி முதலில் பார்ப்பது டெபாசிட் போட்டவரை, பங்குதாரரை இல்லை. அது அவங்க வேலையும்கூட.

அடுத்த சிக்கல் இன்னும் பெரிசு. கம்பெனியின் சார்பாகக் கேஸ் போட, கம்பெனின்னு ஒன்று இருக்கணும், நீங்க அதில் பங்குதாரராக இருக்கணும். இணைப்போடு பழைய வங்கியின் சொத்து, கடன், உரிமை எல்லாம் டிபிஎஸ் பக்கம் போயாச்சு. யார் மேலாவது வழக்குத் தொடுக்கும் உரிமை இருந்திருந்தால் அதுவும் சேர்ந்துதான் போயிருக்கும். அதனால்தான் பங்குதாரர்கள் உயர் நீதிமன்றங்களுக்குப் போனபோது அவங்க எதிர்த்தது இணைப்புத் திட்டத்தை. டைரக்டர்களின் பழைய முடிவுகள் அந்தக் கேள்விக்குள்ளேயே வரவில்லை. வங்கிகளுக்கு விலக்கு கொடுத்த அந்த ஒரு வரி சரியில்லை என்பது என் கருத்து. டெபாசிட்டைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கி போதும், ஆனா வங்கியைத் தப்பா நடத்தினவரிடம் வங்கிக்காகக் கணக்குக் கேட்க ஒருத்தர் வேணும் இல்லையா?

திராட்சைத் தோட்டத்துப் பங்குதாரர்

கடைசியா, ஷேர் மார்க்கெட்டே வேண்டாம்னு இருக்கிறவங்களுக்கு. உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் உறுப்பினராக இருக்கீங்களா? பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்ததிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் இந்தப் பேச்சு அதிகமாயிருக்கு. அதில் சேர்ந்து ஒரு பங்கு வாங்கியிருந்தா நீங்களும் ஒரு கம்பெனியின் பங்குதாரர்தான். அதே கம்பெனிகள் சட்டம், அதில் தனி அத்தியாயம். குறைந்தது 5 டைரக்டர்கள், அதிகபட்சம் 15. தனிநபர் உறுப்பினர்களுக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு.

இங்கேயும் அதே கோடுதான். சட்டத்தையோ கம்பெனியின் விதிமுறையையோ மீறி டைரக்டர்கள் ஒரு தீர்மானம் போட்டு அதனால் நஷ்டம் வந்தா, அவங்க கூட்டாகவும் தனித்தனியாகவும் கட்டணும். திராட்சையை குளிர்சாதனக் கிடங்கில் வைத்து விலை இறங்கிப்போனா அது வியாபாரம், அதுக்கு யாரும் கட்ட வேண்டியதில்லை. தகராறுன்னு வந்தா முதலில் சமரசம் அல்லது நடுவர் தீர்ப்பு, அப்படித்தான் அந்த அத்தியாயம் சொல்லுது. மும்பைக் கம்பெனியில் கிடைக்காத ஒரு வசதி இங்கே இருக்கு: டைரக்டர் யாருன்னு தெரியும், அவர் மச்சான் யாருன்னும் தெரியும், ஆளுக்கு ஒரு ஓட்டும் இருக்கு.

அதனால அடுத்த பொதுக்குழுவில் லாபம் எவ்வளவுன்னு கேட்டதும் உட்கார்ந்துடாதீங்க. அட்டைப்பெட்டி யாரிடம் வாங்கினோம், வேற யாரிடம் விலை கேட்டோம், டைரக்டருக்குச் சொந்தக்காரரா, சொந்தக்காரர்னா அது போர்டில் எழுதியிருக்கா, ஓட்டெடுக்கும்போது அவர் ஒதுங்கி நின்னாரான்னு கேளுங்க. நீங்க கேட்டதும் அவங்க சொன்ன பதிலும் பொதுக்குழு மினிட்ஸில் ஏறட்டும். அந்த மினிட்ஸை நீங்க பின்னாடி வாங்கிப் படிக்கலாம், அதுக்கு உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்த எபிசோட், ஆண்டறிக்கையில் டைரக்டரோட சொந்தக்காரங்க வியாபாரம் எந்தப் பக்கத்தில் ஒளிஞ்சிருக்கும், அதை எப்படித் தேடுவது. உங்ககிட்ட ஏதாவது கம்பெனியோட ஆண்டறிக்கை பிடிஎஃப் இருந்தா இறக்கி வெச்சுக்கங்க, சேர்ந்தே பார்ப்போம்.